சொல்லின்றி ஓதிய துதி: ஜான் கோல்ட்ரேன்

கவிதையை வாய்விட்டுச் சொல்லலாம், பண்ணமைத்துப் பாடலாம், ஏட்டில் எழுதி மௌனமாக வாசிக்கலாம். இம்மூன்றும் செய்யாமல், ஒரு காற்றுக்கருவியில் அசை அசையாக ஊதியும் கவிதையை ஓதலாம் என்று காட்டியவர் அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் ஜான் கோல்ட்ரேன். 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த 'எ லவ் சுப்ரீம்' என்னும் அவருடைய இசைத்தட்டின் இறுதிப் பகுதி அவ்வகையில் அமைந்தது. 'உன்னதப் பேரன்பு' என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். தட்டின் உறையை விரித்தால் உட்பக்கத்தில் கோல்ட்ரேன் எழுதிய ஒரு கவிதை அச்சாகியிருக்கும். தட்டைச் சுழலவிட்டால் அக்கவிதையின் ஒரு சொல்லும் காதில் விழாது. சாக்ஸபோன் மட்டுமே ஒலிக்கும். ஆயினும் உறையைக் கையில் வைத்துக்கொண்டு வரிகளின்மேல் விரலை ஓட்டிக் கேட்பவர், ஒவ்வோர் அசைக்கும் ஒரு சுரம் நிற்பதையும் வரி முடியுமிடத்தில் மூச்சும் முடிவதையும் உணர்வார். அந்தக் கவிதை நன்றியறிதலின் கவிதை. எதற்கான நன்றி என்பதை அறிய அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

ஜான் வில்லியம் கோல்ட்ரேன் 1926ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் வட கரோலினா மாநிலத்தின் ஹேம்லெட் என்ற சிற்றூரில் பிறந்தார். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அதே மாநிலத்தின் ஹை பாயிண்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. கறுப்பின மக்களுக்குப் பள்ளியும் பேருந்தின் இருக்கையும் தனித்தனியே ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது. தந்தை தையற்கலைஞர், ஓய்வு நேரத்தில் இசைக்கருவி மீட்டுபவர். தந்தைவழிப் பாட்டனாரும் தாய்வழிப் பாட்டனாரும் கறுப்பினக் கிறித்தவத் திருச்சபையின் போதகர்கள். அத்தகைய சபைகளில் போதகர் பேச்சாகத் தொடங்குவார். சொற்கள் மெல்ல மெல்ல ஒரு சுருதியைப் பற்றிக்கொள்ளும். வரிக்கு வரி குரல் உயரும். வரி முடிவில் தாழும். ஒரு கட்டத்தில் பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையிலிருந்த கோடு அழிந்துபோகும். சிறுவன் ஜானின் செவியில் முதலில் பதிந்த இசை அது. பிற்காலத்தில் அவர் ஊதிய கவிதைக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

பன்னிரண்டு வயதில் அவர் வீட்டில் சாவு தொடர்ந்து வந்தது. 1938ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சில மாதங்களுக்குள் பெரியவர்கள் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். தந்தை, தாய்வழிப் பாட்டனார், பாட்டியார், அத்தை என நால்வரும் போயினர். வீட்டைத் தாங்க வேண்டிய தாய் வேலை தேடி வடக்கே சென்றார். அந்த ஆண்டில்தான் ஜான் ஊர் இசைக்குழுவில் சேர்ந்தார். முதலில் கிளாரினெட், பின்னர் சாக்ஸபோன் என்று பழகினார். பேசுவதைக் குறைத்துக்கொண்டு பயிற்சியைப் பெருக்கினார். அப்பழக்கம் இறுதிவரை நீங்கவில்லை. கருவியைக் கையில் பிடித்தபடியே உறங்கிப்போவார் என்று உடனிருந்தோர் பலரும் நினைவுகூர்ந்துள்ளனர்.

1943இல் பள்ளிப் படிப்பை முடித்துப் ஃபிலடெல்ஃபியா நகரை அடைந்தார். சர்க்கரை ஆலையில் கூலி வேலை. மாலையில் இசைப் பள்ளி. 1945இல் சார்லி பார்க்கரின் வாசிப்பை நேரில் கேட்டது அவரை உலுக்கியது. அதே ஆண்டில் கடற்படையில் சேர்க்கப்பட்டு ஹவாயில் பணியாற்றினார். அங்கும் கடற்படையினரின் இசைக்குழுவில் வாசித்தார். 1946இல் திரும்பி வந்தபின் பல குழுக்களில் ஊழியம் செய்தார். டிஸ்ஸி கில்லெஸ்பி, எர்ல் பாஸ்டிக், ஜானி ஹாட்ஜஸ் முதலியோரின் குழுக்கள் அவருக்குப் பள்ளிக்கூடங்களாயின. ஆனால் அந்த ஆண்டுகளில்தான் ஹெராயின் என்னும் போதைப்பொருளும் மதுவும் அவரைப் பிடித்தன. மேடையில் கண் செருகி நிற்கும் நிலை வந்தது. 1954இல் ஹாட்ஜஸ் குழுவிலிருந்து அவர் நீக்கப்பட்டார்.

1955ஆம் ஆண்டு இரண்டு நல்ல நிகழ்ச்சிகளைத் தந்தது. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழுவில் இடம் கிடைத்தது. இஸ்லாமைத் தழுவியிருந்த நைமா என்ற பெண்மணியை மணந்துகொண்டார். புகழ் வரத் தொடங்கியது. போதைப் பழக்கமோ விடவில்லை. 1957ஆம் ஆண்டின் வசந்தத்தில் டேவிஸ் அவரைக் குழுவிலிருந்து விலக்கினார். முப்பதாவது வயதில், நாட்டின் தலைசிறந்த ஜாஸ் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்ட கோல்ட்ரேன் ஃபிலடெல்ஃபியாவில் தாயுடன் வாழ்ந்த வீட்டுக்குத் திரும்பினார். மருத்துவமனைக்குச் செல்லவில்லை. ஓர் அறைக்குள் தங்கி, தண்ணீர் மட்டும் பருகி, நடுக்கத்தையும் வலியையும் தாங்கிக்கொண்டு பழக்கத்தை முறித்தார் என்பர். தாயும் நைமாவும் அறைக்கு வெளியே காவலிருந்தனர். எழுந்து வந்தபோது போதைப்பொருளும் மதுவும் அவரைவிட்டுப் போயிருந்தன. அந்நாட்களில் இறையருள் தம்மைத் தொட்டதாக அவர் உறுதியாக நம்பினார். பிழைத்த உயிருக்கு ஈடாக, தம் இசையால் பிறரை மகிழ்விக்கும் வழி தமக்கு வேண்டும் என்று அப்போதே வேண்டிக்கொண்டதாகப் பின்னாளில் எழுதினார். அவர் வாழ்க்கையின் கடன் அன்று எழுதப்பட்டது.

அதன்பின் அவர் உழைத்த உழைப்பு வியக்கத்தக்கது. அதே 1957இல் பியானோ மேதை தெலோனியஸ் மாங்க் அவரை நியூயார்க்கின் 'ஃபைவ் ஸ்பாட்' அரங்கில் மாதக்கணக்கில் தம்முடன் வாசிக்க வைத்தார். 1958இல் டேவிஸ் மீண்டும் அழைத்துக்கொண்டார். ஜாஸ் இசையில் பாட்டின் கட்டுக்கோப்பு சிறியது. அதன்மேல் கலைஞர் அந்தந்தக் கணத்தில் கற்பித்து விரிக்கும் மனோதர்மமே பெரியது. கோல்ட்ரேனின் மனோதர்மத்தில் சுரங்கள் ஒவ்வொன்றாக வராமல் அடுக்கடுக்காகக் கொட்டின. விமரிசகர் ஐரா கிட்லர் அவற்றை ஒலியின் படலங்கள் என்று வருணித்தார். 1959இல் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டில் வாசித்த கோல்ட்ரேன், அதே ஆண்டில் தமக்கெனப் பதிவுசெய்த 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' தட்டில் குடும்பத்தையே குடியேற்றினார். ஓர் உருப்படிக்கு மனைவி நைமாவின் பெயர். மற்றொன்றுக்கு உடன்வளர்ந்த ஒன்றுவிட்ட சகோதரி மேரியின் பெயர். இன்னொன்றுக்கு நைமாவின் மகள் சையீடாவின் பெயர். அவருடைய இசைத்தட்டுகள் அப்போதே நாட்குறிப்பின் ஏடுகளாகத் தொடங்கிவிட்டன.

1960இல் தனிக்குழு அமைத்தார். பியானோவில் மெக்காய் டைனர், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ், சில மாற்றங்களுக்குப்பின் பாஸ் கருவியில் ஜிம்மி கேரிசன் என நால்வர் அணி நிலைபெற்றது. 'மை ஃபேவரிட் திங்ஸ்' என்னும் தட்டு பொதுமக்களிடமும் பரவியது. அதே வேளையில் அவருடைய தேடல் நாடு கடந்து சென்றது. ரவிசங்கரின் சிதார் இசையை ஆழ்ந்து கேட்டார். 1961 நவம்பரில் 'இந்தியா' என்று பெயரிட்ட உருப்படியை நியூயார்க் அரங்கொன்றில் வாசித்துப் பதிவுசெய்தார். ஒரே ஆதார சுருதியின்மேல் நெடுநேரம் நின்று விரியும் முறை அதில் உண்டு. பல சமயங்களின் நூல்களை வாசித்தார். நீண்ட வாசிப்பும் கட்டுமீறிய விரிவும் சிலருக்குப் பிடிக்கவில்லை. 'டவுன்பீட்' இதழின் விமரிசகர் ஒருவர் அவருடைய இசையை ஜாஸுக்கு எதிரானது என்றே எழுதினார். கோல்ட்ரேன் சினக்கவில்லை, மறு ஆண்டு அதே இதழில் தம் தரப்பைப் பொறுமையாக விளக்கினார்.

1963ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றில் வெள்ளை இனவெறியர் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமியர் மாண்டனர். இரண்டு மாதங்களுக்குப்பின் கோல்ட்ரேன் 'அலபாமா' என்னும் இரங்கலைப் பதிவுசெய்தார். அச்சிறுமியர்க்கு மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய இரங்கலுரையின் ஏற்ற இறக்கங்களே அதன் இசைவரிகள் என்று சொல்வோர் உண்டு. அது எவ்வாறாயினும், பேச்சின் நடையில் சாக்ஸபோன் துக்கம் சொல்லுவதை அதில் எவரும் கேட்கலாம். அடுத்த ஆண்டு செய்யப்போவதற்கு அது முன்னோடி.

அதே 1963இல் கோல்ட்ரேன் நைமாவைப் பிரிந்தார். பியானோ கலைஞர் ஆலிஸ் மெக்லியாடுடன் புதிய இல்லறம் அமைந்தது. 1964இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் டிக்ஸ் ஹில்ஸ் என்ற இடத்தில் வீடு வாங்கிக் குடிபுகுந்தனர். ஆகஸ்டில் முதல் மகன் பிறந்தான். அந்நாட்களில் கோல்ட்ரேன் மாடியறைக்குச் சென்று ஐந்து நாட்கள் தனித்திருந்தார் என்று ஆலிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கீழே இறங்கி வந்தபோது மலையிலிருந்து இறங்கிய மோசேயைப் போல அவர் முகம் அமைதியுற்றிருந்ததாம். ஒரு முழு இசைப்படைப்பும் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சமயத்தில் தமக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை என்று அவர் மனைவியிடம் சொன்னார்.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் மாலையில் நால்வர் அணி நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக்கூடத்தில் கூடியது. உயர்ந்த மரக்கூரையுடன் வழிபாட்டு மன்றம் போலத் தோன்றும் கூடம் அது. ஒத்திகை என்று பெரிதாக ஏதுமில்லை. மூவருக்கும் சில குறிப்புகளை மட்டும் சொன்னார் கோல்ட்ரேன். ஒரே இரவில் பதிவு நிறைவுற்றது. மறுநாள் மேலும் இருவரைச் சேர்த்துச் செய்த பதிவு தட்டில் இடம்பெறவில்லை.

முப்பத்து மூன்று நிமிடம் ஒலிக்கும் அப்படைப்பு நான்கு பகுதிகளைக் கொண்டது. ஏற்றல், உறுதி, நாட்டம், துதி என அவற்றின் பெயர்களைத் தமிழில் சொல்லலாம். சேகண்டியின் ஒலியோடு முதற்பகுதி தொடங்குகிறது. பின்னர் பாஸ் கருவியில் நான்கு சுரங்கள் கொண்ட சிறு சொற்கட்டு பிறக்கிறது. கோல்ட்ரேன் அந்த நான்கு சுரங்களை எடுத்து, பன்னிரண்டு சுரத்தானங்களிலும் இடம் மாற்றி மாற்றி வைத்து ஊதுகிறார். எத்திசையில் திரும்பினாலும் எதிர்ப்படுவது அதுவே என்று சொல்வது போன்ற இடம் அது. அதன்பின் எதிர்பாராமல் மனிதக் குரல் எழுகிறது. தட்டின் தலைப்பு நான்கு அசை; பாஸின் சொற்கட்டு நான்கு சுரம். அந்நான்கு அசைகளையும் அதே மெட்டில் மந்திரம் போல மீண்டும் மீண்டும் உச்சரிக்கின்றனர். தட்டு முழுவதிலும் காதில் விழும் சொற்கள் அவ்வளவே. இரண்டாம் பகுதி வைராக்கியத்தின் நடை. மூன்றாம் பகுதி எல்வின் ஜோன்ஸின் தனி ஆவர்த்தனத்தில் தொடங்கிப் பாய்ந்து, கேரிசனின் தனித்த பாஸ் இசையில் ஓய்கிறது. அந்த ஓய்வில் நான்காம் பகுதி பிறக்கிறது.

துதி என்னும் அப்பகுதியில் தாளக்கட்டு இல்லை. முரசுகள் இடிமுழக்கம் போலத் தொலைவில் உருள்கின்றன. சாக்ஸபோன் விருத்தம் பாடுவோரைப் போல வரி வரியாக நிறுத்தி ஊதுகிறது. உறையிலுள்ள கவிதை தெய்வத்தை விளித்து எழுதப்பட்டது. எளிய சொற்களால் ஆனது. ஏட்டில் மட்டும் வாசித்தால் பக்தர் ஒருவரின் நாட்குறிப்பு என்று கடந்துபோகத் தோன்றும். நன்றி கூறும் வரி அதில் திரும்பத் திரும்ப வருகிறது. அவ்வரி வரும்போதெல்லாம் சாக்ஸபோனின் குரல் இறங்கி அமைதி கொள்கிறது. சிறுவயதில் கேட்ட சபைப் போதகரின் குரலும் இவ்வாறே ஏறி இறங்கியது. கவிதைக்கும் இசைக்கும் உள்ள இவ்வுறவைக் கோல்ட்ரேன் மறைக்கவில்லை. இறுதிப் பகுதி அக்கவிதையின் இசைவழி உரைப்பு என்று உறையிலேயே குறித்திருந்தார். ஆயினும் அவ்வுறவு அசைக்கு அசை பொருந்தியது என்பதை இசையறிஞர் லூயிஸ் போர்ட்டர் 1980களில் ஆராய்ந்து நிறுவும்வரை, கேட்டோர் பெரும்பாலும் அதை உருக்கமான ஆலாபனை என்றே கொண்டனர்.

கவிதையோடு ஒரு கடிதமும் உறையில் உண்டு. கேட்பவரை நோக்கி எழுதியது. 1957இல் நேர்ந்த விழிப்பையும், அப்போது செய்த வேண்டுதலையும், பின்னர் பாதை தவறிய காலத்தையும் அவர் மறைக்காமல் குறிப்பிடுகிறார். எந்தத் தவறு என்று விளக்கவில்லை. இப்படைப்பு இறைவனுக்குத் தாம் செலுத்தும் எளிய காணிக்கை என்று சொல்கிறார். விற்பனைக்கு வரும் தட்டொன்றின் உறையில் தம் வீழ்ச்சியையும் மீட்சியையும் ஆண்டு குறித்து எழுதிய துணிவு, அன்றைய இசையுலகில் அரிது. ஏழாண்டுகளுக்கு முன் பட்ட கடனை அவர் ஊரறியத் திருப்பினார்.

தட்டு வெளிவந்ததும் கேட்டோர் அதைத் தமதாக்கிக்கொண்டனர். அவருடைய முந்தைய தட்டுகளைவிடப் பன்மடங்கு விற்றது. 1965இல் 'டவுன்பீட்' வாசகர்கள் அதை ஆண்டின் சிறந்த இசைத்தட்டாகத் தேர்ந்தனர். குறை சொன்ன ஏடே கிரீடம் சூட்டியது. கோல்ட்ரேனோ அவ்வெற்றியில் தங்கவில்லை. அப்படைப்பை மேடையில் வாசித்ததும் மிகச் சில முறையே. 1965 ஜூலை 26ஆம் நாள் பிரான்சின் அந்தீப் விழாவில் முழுமையாக வாசித்தார். அது ஒன்றே முழுமையான மேடைப்பதிவு என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் சியாட்டில் நகரில் வாசித்த நாடா ஒன்று கண்டெடுக்கப்பட்டு 2021இல் வெளியானபோதுதான் அக்கணக்கு மாறியது.

1965 ஜூனில் பதினொருவரைக் கூட்டி 'அசென்ஷன்' என்னும் பெரும் ஒலிப்பிழம்பைப் பதிவுசெய்தார். மெட்டும் தாளமும் உடைந்தன. முந்தைய தட்டைத் தேடி வந்த ரசிகர் பலர் அரங்கைவிட்டு எழுந்து சென்றனர். ஒலிப்பெருக்கத்தில் தம் பியானோ தமக்கே கேட்கவில்லை என்று டைனர் அவ்வாண்டின் இறுதியில் விலகினார். சில வாரங்களில் எல்வின் ஜோன்ஸும் விலகினார். நால்வர் அணி கலைந்தது. அதே ஆண்டில் பிறந்த மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயரிட்டார். பியானோவில் ஆலிஸ் அமர்ந்தார். 1966இல் ஜப்பானில் பயணம் செய்தபோது நாகசாகியில் அணுகுண்டுக்குப் பலியானோர் நினைவிடம் சென்று வணங்கினார். உடல் அப்போதே தளர்ந்திருந்தது. 1967ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், லாங் ஐலண்டில் மருத்துவமனை ஒன்றில், கல்லீரல் புற்றுநோயால் அவர் காலமானார். வயது நாற்பது. 1957இல் மீண்ட உயிர் பத்தே ஆண்டுகள் நிலைத்தது.

அவருக்குப்பின் ஆலிஸ் இசையோடு துறவுநெறியையும் மேற்கொண்டார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்து அமெரிக்காவில் யோகநெறி பரப்பிய சுவாமி சச்சிதானந்தர் அவருக்கு வழிகாட்டியானார். அவர் பெயரைத் தாங்கிய ஆலிஸின் இசைத்தட்டு 1971இல் வெளிவந்தது. பின்னாளில் ஆலிஸ் கலிபோர்னியாவில் ஆசிரமம் அமைத்து, பஜனைகள் பாடி, துரியசங்கீதானந்தா என்ற பெயருடன் வாழ்ந்து 2007இல் மறைந்தார். சான்ஃபிரான்சிஸ்கோவில் கோல்ட்ரேனையே புனிதராகப் போற்றும் திருச்சபை ஒன்று உருவாயிற்று. 'எ லவ் சுப்ரீம்' அங்கு வழிபாட்டு இசை. கோல்ட்ரேன் வாசித்த சாக்ஸபோன் ஒன்றை மகன் ரவி 2014இல் வாஷிங்டனின் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார்.

இவ்வளவு பெருமையும் பின்னர் வந்தவை. அவர் மறைந்த நான்காம் நாள், 1967 ஜூலை 21இல், நியூயார்க்கின் புனித பீட்டர் லூத்தரன் தேவாலயத்தில் இறுதி வழிபாடு நடந்தது. ஆல்பர்ட் அய்லரும் ஆர்னெட் கோல்மனும் தத்தம் குழுக்களுடன் வாசித்தனர். அவ்விரு இசைகளுக்கும் நடுவே ஃபிலடெல்ஃபியா நாள் தொட்டு நண்பரான கால் மாஸி எழுந்து நின்றார். அவர் கையில் இருந்தது உறையிலிருந்த அந்தக் கவிதை. கோல்ட்ரேன் குரலின்றிச் சாக்ஸபோனால் ஓதிய கவிதையை, அந்த அவையில் நண்பரின் குரல் வரி வரியாகச் சொன்னது. நன்றி கூறும் வரி திரும்பத் திரும்ப வந்தது. தட்டைக் கேட்டிருந்தவர்களுக்கு அதன் மெட்டு முன்னரே தெரிந்திருந்தது.